எட்டும் உயரம்

மலை என்ற மாத்திரத்தில் உயரத்தை நினைத்துக்கொள்வது நமக்கு வழிவழியாக வந்த பழக்கம். பனி மூடிய சிகரம், அதன்மேல் தேவர்கள், அடிவாரத்தில் தவம் கிடக்கும் ரிஷிகள் என்று புராணங்கள் தீட்டிக் கொடுத்த சித்திரத்தை வைத்துக்கொண்டே மலைகளின் தராதரத்தை நிர்ணயிக்கிறோமாதலால், ஆயிரம் மீட்டரைத் தொட்டும் தொடாமலும், பனியை ஒருநாளும் காணாமல், நாற்புறமும் புழுதிக் கிராமங்கள் சூழக் கிடக்கும் ஒரு காட்டு மலையைப் பற்றி யாரும் அதிகமாகச் சிந்திப்பதில்லை. பள்ளிக்கூடத்துப் பூகோளப் புத்தகத்தில் ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அந்தப் பட்டியலின் தலையில் நிற்கும் ஜவ்வாது மலை, ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர் நீளமும் முப்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலமுமாக, வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்ற மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. அதன் உயரம் ஒரு விசேஷமான உயரம் என்பது என் அபிப்பிராயம். மனிதனுக்கு எட்டாமல் இருக்கும் அளவுக்கு அது ஓங்கவில்லை. அவன் தன் ஊரோடு ஊராகச் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் தாழ்ந்துபோகவும் இல்லை. அங்கே நடந்தவை பலவற்றுக்கும் இதுவே மூலகாரணமாகத் தோன்றுகிறது.

குள்ளமான மலை என்றால் இளைய மலை என்று எண்ணுவதற்கில்லை. இமயம் நேற்று எழுந்தது, இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. ஜவ்வாது அடங்கிய கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளோ, பூமியில் மீனும் மரமும் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே, பல கிலோமீட்டர் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் வெந்து உருமாறி, பிறகு மேலிருந்த சுமை மழையாலும் காற்றாலும் அரித்துப் போகப் போக வெளியே தலைகாட்டியவை. வட தமிழகத்து மலைகளின் கற்களுக்கு இருநூற்றைம்பது கோடி ஆண்டு வயது சொல்கிறார்கள். அவற்றுள் முக்கியமானது கருநீலமும் பச்சையும் கலந்த நிறமுடைய சார்னோக்கைட். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி வியாபாரியின் சமாதிமேல் கிடத்தியிருந்த கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்டு என்ற புவியியலார், 1893இல் அந்தக் கல்லுக்குச் சமாதிக்குரியவரின் பெயரையே சூட்டிவிட்டார். கல் போனதென்னவோ சென்னைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து. கல்கத்தாவில் அடங்கிய ஒரு வியாபாரியின் பெயரை இந்த மலையின் பாறை இன்று சுமந்துகொண்டிருப்பது பூகோள சாஸ்திரத்தின் சிறிய குறும்புகளுள் ஒன்று.

தேய்ந்த மலையாதலால் கிழக்குத் தொடர்ச்சி தொடர்ந்த மலையும் அன்று. மேற்குத் தொடர்ச்சி மலை மதில்போல் ஓடுகிறது. அதில் பாலக்காட்டுக் கணவாய் போன்ற திறப்பு ஓர் அபூர்வம். கிழக்கிலோ திறப்புகளே அதிகம். கோதாவரி, கிருஷ்ணை, பெண்ணை, பாலாறு என்று ஒவ்வொரு நதியும் அறுத்துக்கொண்டு போன மிச்சமே மலையாக நிற்கிறது. ஜவ்வாதுக்கு வடக்கே பாலாற்றுப் பள்ளத்தாக்கு. தெற்கே செங்கம் கணவாயும் அதற்கப்பால் தென்பெண்ணையும். மேற்கே திருப்பத்தூர்ச் சமவெளி, அதைத் தாண்டி ஏலகிரி. வீட்டையும் சேராமல் தெருவையும் சேராமல் இரண்டுக்கும் நடுவே இருக்கும் திண்ணையைப்போல, மைசூர்ப் பீடபூமிக்கும் கிழக்குக் கடற்கரைச் சமவெளிக்கும் இடையில் இது அமைந்திருக்கிறது. திண்ணையில் யாரும் குடித்தனம் நடத்துவதில்லை, ஆனால் வருகிற போகிறவர் எல்லோரும் அதைக் கடந்தே போகவேண்டும். 1767 செப்டம்பரில் ஹைதர் அலியின் படை மேற்கிலிருந்து செங்கம் கணவாய் வழியாகவே இறங்கி வந்து, செங்கத்தருகே ஆங்கிலேயப் படையோடு மோதியது. 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய ரயில், பிறகு மேற்கே நீண்டபோது, மலையை ஏற முயலாமல், பாலாற்றுப் பள்ளத்தாக்கைப் பிடித்துக்கொண்டு ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டையை அடைந்தது. படையும் ரயிலும் மலையைச் சுற்றிக்கொண்டு போயின. சுற்றிக்கொண்டு போகலாம் என்ற சௌகரியம் இருந்ததாலேயே மலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க நெடுங்காலம் ஒருவருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

மழைக்கும் இம்மலைக்கும் உள்ள சம்பந்தம் சற்று நுட்பமானது. நீலகிரியும் ஆனைமலையும் தென்மேற்குப் பருவக்காற்றைச் சுவர்போல் நின்று தடுத்து, தங்கள் பங்கைத் தாங்களே எடுத்துக்கொண்டு விடுகின்றன. ஜவ்வாதுக்கு அப்படித் தடுக்கும் சக்தி இல்லை. மேற்கே ஏற்கனவே பெய்து இளைத்து வரும் மேகங்கள் ஆடி ஆவணியில் தரும் மிச்சத்தையும், ஐப்பசி கார்த்திகையில் வங்கக் கடல் அனுப்பும் வடகிழக்குப் பருவமழையையும் சேர்த்துக்கொண்டே அது தன் காட்டைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே அடிவாரத்தில் முள்ளும் புதரும், சரிவில் கோடையில் இலையுதிர்த்துக் குச்சியாய் நிற்கும் மரங்களும், மேலே ஓடை ஓரங்களிலும் மடிப்புகளிலும் மட்டும் என்றும் பசுமையான தோப்புகளுமாக, ஒரே மலையில் மூன்றுவிதக் காடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பங்குனியில் பார்த்தவர், இதைப் பட்டுப்போன மலை என்பார். கார்த்திகையில் பார்த்தவர், ஊர் மாறி வந்துவிட்டோமோ என்று திகைப்பார்.

சேயாறும் அகரம் ஆறும் இம்மலையைக் கிழக்கு மேற்காக இரு கூறாகப் பிரிக்கின்றன. படவேட்டின் வழியாக ஆரணிப் பக்கம் போகும் கமண்டல நாகநதியும் இம்மலைக் குழந்தைதான். செண்பகத்தோப்பு அணை அதன் குறுக்கே கட்டப்பட்டது. இவையெல்லாம் ஆறுகள் என்று பெயர் பெற்றிருந்தாலும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடப்பவை. ஆனால் இந்த மணலை ஏளனமாகப் பார்ப்பது தவறு. மலையில் பெய்யும் மழையைக் காட்டு மண் உறிஞ்சிப் பாறை விரிசல்கள் வழியே மெதுவாகக் கீழே விட, அது ஆற்று மணலுக்கு அடியில் ஒருவர் கண்ணுக்கும் படாமல் நகர்ந்து, கரையோரத்து ஊற்றுக்கால்களையும் ஏரிகளையும் கிணறுகளையும் நிரப்பிற்று என்பதே தொண்டை நாட்டு விவசாயத்தின் உள்ளரங்கமான சரித்திரம். சேயாறு கடைசியில் திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. அங்குள்ள பெருமாள் கோவிலில், பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட சாசனம் ஒன்று, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை என்ற மருத்துவமனையையும், வேதமும் வியாகரணமும் கற்ற மாணவர்களுக்கு அளந்த நெல்லையும், இருந்த மருந்துகளின் பெயர்களையும் கணக்குப் பிசகாமல் எழுதிவைத்திருக்கிறது. நெல்லின் கணக்கு இத்தனை துல்லியமாக இருக்கையில், அந்நெல்லை விளைவித்த தண்ணீர் எந்த மலையிலிருந்து வந்தது என்பதைச் சொல்லவேண்டும் என்று எழுதியவனுக்குத் தோன்றாதது இயல்புதான். கீழே இருப்பவர்கள் மேலே பார்ப்பது மழை பொய்த்த ஆண்டில் மட்டுமே.

ஆனால் அவனுக்குப் பல நூற்றாண்டுக்கு முன்னே ஒரு புலவர் பார்த்திருக்கிறார். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளில் அமைந்த ஓர் ஆற்றுப்படை. பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிர்ப்பட்ட இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு, செங்கண்மாவில் இருக்கும் நன்னன் என்ற சிற்றரசனிடம் போக வழிசொல்கிறான். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் சேயாறு இதே சேயாறு. அதில் வரும் நவிரமலையை அறிஞர் பலர் போளூருக்கு அருகிலுள்ள பர்வதமலையாகக் கொள்வர். பத்துப்பாட்டில் அரசனைப் புகழாத பாட்டு அபூர்வம்தான். ஆயினும் இப்பாட்டில் என்னைப் பெரிதும் கவர்வது நன்னனின் கொடைத்திறம் அன்று, வழிசொல்பவனின் ஜாக்கிரதை. தினைப்புனங்களில் பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், இரவில் போகாதீர்கள் என்கிறான். யானையை விரட்டக் கானவர் கவண் கல் எறிவார்கள், மரத்தின் பின்னே ஒதுங்கிச் செல்லுங்கள் என்கிறான். பாம்பு கிடக்கும் குழிகளையும், பாசி படிந்து வழுக்கும் துறைகளையும், வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறிவிடும் இடங்களையும் ஒவ்வொன்றாக எச்சரிக்கிறான். மலையிலிருந்து எழும் ஓசைகளைத் தனித்தனியே பிரித்துக் காட்டுகிறான். நூலின் பெயரே அந்த ஓசையிலிருந்து பிறந்ததுதான். கால்நடையாகச் சென்று கண்டவனிடம் கேட்டறியாமல் ஒரு கவிஞர் இவ்வளவு விவரங்களைக் கற்பனையால் மட்டும் திரட்டியிருக்க முடியும் என்று நம்புவது கடினம். எந்தத் தேசத்திலும் அந்தக் காலத்து இலக்கியம் உயர்ந்த சிகரங்களைத் தொலைவில் நின்று வணங்கியிருக்கும். தாழ்ந்த மலைக்குள் நுழைந்து, இங்கே காலை வை, அங்கே வைக்காதே என்று சொன்ன இலக்கியம் நமக்குத் தெரிந்தவரையில் சொற்பம். நுழைய முடிந்த மலையாக இருந்ததால்தான் அப்படிப் பாட முடிந்தது.

பாட்டுக்கும் முந்தியவர்கள் விட்டுச்சென்ற அடையாளங்களும் மலைமேல் இருக்கின்றன. புதூர்நாட்டுப் பக்கத்தில் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகளை மரத்தடியில் குவித்துவைத்துத் தெய்வமாக வழிபடுகிறார்கள். கீழ்சேப்பிலி என்ற ஊருக்கருகே, பெரிய பலகைக் கற்களை நாற்புறமும் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய கற்திட்டைகள் பல உள்ளன. சுவர்ப் பலகையில் வட்டமாக ஒரு துளை. அதன் வழியே ஒரு குழந்தைதான் நுழையமுடியும். ஆதலால் அவற்றை ‘வாலியர் வீடு’ என்று பெயரிட்டு, முன்னொரு காலத்தில் குள்ளர்கள் அங்கே குடியிருந்தார்கள் என்று கதை சொல்கிறார்கள் மலைவாசிகள். ஆராய்ச்சியாளர் இவற்றைப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்பர். மலையின் காலடியில் செங்கம் வட்டாரத்திலோ, ஆநிரை கவர்ந்தும் மீட்டும் இறந்த வீரர்களின் நடுகற்கள் ஏராளம். தொல்லியல் துறை 1972இல் அவற்றைத் தொகுத்து ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலாக வெளியிட்டது. மலைக்கும் சமவெளிக்கும் நடுவில் உள்ள முள்காடு மாடு ஓட்டிக்கொண்டு போய் மறைவதற்கு எவ்வளவு வசதி என்பதை அந்த இடத்தை ஒருமுறை கண்டவர் உடனே உணர்வர்.

இன்று மலையில் வாழ்பவர் மலையாளி என்ற பழங்குடியினர். கேரளத்தாருக்கும் அவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலை ஏறியவர்கள் என்பது அவர்களது பரம்பரைக் கதை. சரித்திர ரீதியாக அது எத்தனை தூரம் நிற்கும் என்பதை நிபுணர்களுக்கு விட்டுவிடலாம். ஆனால் மலையின் தண்ணீர் எந்தத் திசையில் இறங்கிப் போகிறதோ அந்தத் திசையிலிருந்தே மனிதர்கள் ஏறி வந்ததாகக் கதை சொல்வதில் ஒரு பூகோள நியாயம் இருக்கிறது. புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்த்தொகுதிகளை அவர்கள் ‘நாடு’ என்றே வழங்குகிறார்கள். சோழர் ஆட்சியின் நிர்வாகப் பிரிவு சமவெளியில் அழிந்து பல நூற்றாண்டு ஆனபிறகும் இங்கே பேச்சு வழக்கில் உயிரோடு இருக்கிறது. பயிர் சாமை, கேழ்வரகு. காட்டிலிருந்து தேன், புளி, கடுக்காய், சீத்தாப்பழம். சாமை அதிகம் கேட்காத பயிர். கல்லும் மண்ணும் கலந்த சரிவில் விதைத்துவிட்டால், கிடைத்த மழைக்கு விளைந்து கொடுத்துவிடும்.

வெள்ளைக்காரர்கள் இம்மலையை ஏன் விட்டுவைத்தார்கள் என்பது யோசிக்கத்தக்க விஷயம். உதகமண்டலத்தின் உயரம் 2,200 மீட்டருக்கு மேல். ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டியது. அங்கெல்லாம் பங்களா எழும்பிற்று, மாதா கோவில் எழும்பிற்று, தோட்டம் வந்தது. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களிலேயே ஏற்காட்டில் காப்பிச் செடி நட்டாயிற்று. ஜவ்வாதில் மேலே போனாலும் உடம்பு குளிருகிற அளவுக்குக் குளிராது; காய்ச்சல் பயமோ உண்டு. இன்னும் நானூறு மீட்டர் உயர்ந்திருந்தால் மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூரில் இன்று ஒரு படகுத்துறைக்குப் பதில் ஒரு குதிரைப் பந்தய மைதானம் இருந்திருக்கும். புங்கம்பட்டுநாட்டார் யாருடைய தோட்டத்திலாவது கூலிக்குக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்திருப்பார்கள். உயரம் போதாமையால் வந்த நன்மை இது.

அதே போதாமையே வேறொரு விதத்தில் பெரும் பாக்கியமாகவும் ஆயிற்று. கோடைக்கானலில் சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்த வேணு பாப்பு, இரவு வானத்தை நோக்க ஓர் இடம் தேடி, ஆலங்காயத்துக்கு அருகே காவலூர் என்ற சிற்றூரைத் தேர்ந்தார். கடல் மட்டத்திலிருந்து அது ஏறக்குறைய 725 மீட்டர்தான். உலகத்தின் பெரிய வானாய்வு நிலையங்கள் சிகரங்களை நாடிச் சென்றிருக்க, இவர் ஒரு குட்டையான மலையின் மடிப்பில் வந்து நின்றதற்குக் காரணங்கள் உண்டு. பூமத்திய ரேகைக்குப் பன்னிரண்டரைப் பாகையளவே வடக்கில் இருப்பதால் வட வானத்தோடு தென் வானத்தின் பெரும்பகுதியும் அங்கிருந்து தெரியும். சுற்றிலும் காடு, ஆகையால் விளக்கு வெளிச்சம் இல்லை. 1968இல் 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு தொலைநோக்கியோடு ஆரம்பித்த வேலை, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியாக வளர்ந்தது. யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது 1977இல் புலப்பட்டபோது, அதை அவதானித்த இடங்களுள் காவலூரும் ஒன்று. பாப்பு கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறைவெய்துமுன் 1982இல் அவர் மறைந்தார். 1986 ஜனவரியில் அந்நிலையத்துக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். காட்டிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கணக்கெடுக்கும் வனத்துறை, தேனையும் புளியையும் எழுதிக்கொள்கிறது, இருட்டை எழுதிக்கொள்வதில்லை. காவலூருக்குக் காடு கொடுத்த முதற்பொருள் அதுதான். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரும் வளர வளர, அடிவானத்தில் அந்த இருட்டு வெளுத்துக்கொண்டு வருகிறது.

இனிச் சந்தனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். இம்மலையின் பெயரைச் சமவெளியில் பிரசித்தப்படுத்தியது அந்த மரமே. பார்வைக்கு அது ஒரு சாதாரண மரம். தொங்கும் கிளை, சிறிய இலை, கறுத்துப் பழுக்கும் மிளகைவிடப் பெரிய கனி. கனியைத் தின்னும் பறவைகள் எச்சமிடும் இடத்தில், பெரும்பாலும் வேறொரு புதரின் நிழலில், கன்று முளைக்கிறது. முளைத்த கன்று தன் வேரை நீட்டிப் பக்கத்துச் செடியின் வேரைத் தொட்டு, அங்கே உறிஞ்சும் முடிச்சு ஒன்றைப் பொருத்தி, தனக்கு வேண்டிய நீரையும் உப்பையும் அதனிடமிருந்தே கறக்கிறது. இலையில் உணவு சமைக்கத் தெரிந்திருந்தும் வேரால் மட்டும் பிறரை அண்டி வாழும் அரை ஒட்டுண்ணி அது. தனியாக வளர்த்தால் சோர்ந்துபோகும்; பல ஜாதி மரமும் புதரும் நெருங்கிய காட்டிலேயே செழிக்கும். வாசனையும் உடனே வந்துவிடுவதில்லை. வெளிமரம் வெளுப்பாகவும் வாசனையற்றும் இருக்க, நடுவிலே வயிரம் பாய்ந்து எண்ணெய் ஊறுவதற்கு இருபது முப்பது ஆண்டு ஆகும். அந்த எண்ணெய் வேரிலும் நிறைய இருப்பதால் சந்தனத்தை யாரும் வெட்டிவிட்டு அடிக்கட்டையை விடுவதில்லை. வேரோடு தோண்டியே எடுக்கிறார்கள். மற்ற மரங்கள் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கலாம். இதற்கு அந்த வாய்ப்பும் கிடையாது.

யார் நிலத்தில் முளைத்தாலும் சந்தன மரம் சர்க்காருடையது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. தமிழ்நாட்டில் அது தளர்ந்தது 2002இல். அதுவரையில் தன் கொல்லையில் ஒரு சந்தனக் கன்று தலைநீட்டினால் மலைவாசி அதைப் பிடுங்கி எறிவதே விவேகமாக இருந்தது. வளர்த்தால் மரம் சர்க்காருக்கு, களவு போனால் குற்றம் இவனுக்கு. திருப்பத்தூரில் சர்க்கார் சந்தனக் கிடங்கு இருக்கிறது. கட்டைகளைச் செதுக்கி, தரம் பிரித்து, ஏலம் விடுவது அங்கேதான். கிடங்குக்குப் போகாமல் இரவில் தலைச்சுமையாக இறங்கியதன் அளவை யாரும் ஏலம் போட்டு அறியவில்லை. வழி தெரிந்தவனும் கோடரி பிடிக்கத் தெரிந்தவனும் மலைமேல் இருந்தான். பணமும் லாரியும் வைத்திருந்தவன் கீழே இருந்தான். இருவருக்கும் நடுவே இருந்த தூரம் ஓர் இரவு நடை. நந்தாதேவியின் சரிவில் சந்தனம் வளர்ந்திருந்தால் இந்த வியாபாரம் இத்தனை சுலபமாக நடந்திராது. மரம் அருகியபின் வியாபாரமும் படுத்தது. ஆனால் கோடரி பிடித்த கைகளுக்குச் சாமைக் கொல்லை முன்போலவே ஆறு மாதத்துக்குத்தான் வேலை கொடுத்தது.

வடக்கே, பாலாற்றையும் தாண்டி, திருப்பதியை ஒட்டிய சேஷாசல மலையும் இதே கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தது. இதைப்போலவே தாழ்ந்தது, வறண்டது. செம்மரம் இயற்கையாக வளர்வது உலகிலேயே அதிலும் அதைச் சுற்றிய சில குன்றுகளிலும்தான். அதை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் சீனத்திலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். வெட்டுவதற்கு ஆள் தேடிய தரகர்கள் ஜவ்வாதுக்கும், தருமபுரிப் பக்கத்து மலைகளுக்கும் வந்தார்கள். மேஸ்திரி வேலை, பெயிண்ட் வேலை என்று சொல்லி அழைத்துப் போனதும் உண்டு, தெரிந்தே போனவர்களும் உண்டு. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி விடியற்காலையில், சந்திரகிரியை அடுத்த காட்டில், ஆந்திரக் காவல் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்துக் கூலிகள் 20 பேர் இறந்தார்கள். ஜவ்வாது மலைக் கிராமங்களைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். தங்களைத் தாக்கியதால் சுட்டதாகக் காவலர் சொன்னார்கள்; பிடித்து வைத்துக் கொன்றார்கள் என்று மனித உரிமை இயக்கத்தார் குற்றம் சாட்டினார்கள்.

அதற்குப் பிறகு மலையில் சாலைகள் அகலமாயின. 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது புதூர்நாட்டுக்காரர் தம் கச்சேரி காரியங்களுக்குத் திருப்பத்தூரே மாவட்டத் தலைநகரம் என்று ஆயிற்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலையோடு இருக்கிறது. ஒரே மலையின் இரு சரிவுகளில் இருப்பவர்கள் இரு வேறு கலெக்டர்களிடம் மனுக் கொடுக்கிறார்கள். போளூருக்கு இறங்கும் பேருந்தில் மூட்டையோடு ஏறுபவர்களைக் கேட்டால், ஒருவர் திருப்பூர் என்பார், ஒருவர் குடகில் காப்பி பறிக்க என்பார், கேரளத்துக்கு என்பார் இன்னொருவர். சாமை அறுப்புக்குத் திரும்பி வந்துவிடுவோம் என்கிறார்கள், சிலர் வருகிறார்கள்.